முட்டைக்குள் பார்வை மூளை: வாசகர் கேள்வி – பதில்

கோழி முளையத்தின் பார்வை மூளை பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். நாட்கணக்கு எல்லாம் அடைவைத்த நேரத்திலிருந்து. கோழிக்கு மொத்தம் 21 நாள்.

கேள்வி: கண்ணிலிருந்து நரம்பு வந்து சேர்ந்த பிறகுதான் குஞ்சின் மூளையில் சமிக்ஞைப் புரதங்கள் தோன்றுகின்றனவா, முன்பே இருக்கின்றனவா? வகுப்பில் காட்ட ஒரு நாள் வரிசை தர முடியுமா?
— உயிரியல் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: முக்கியமானவை பல முன்பே வந்துவிடுகின்றன. கண் நரம்பு வரும்போது மூளை வெறும் மேடையாகக் காத்திருப்பதில்லை. யார் எங்கே இறங்க வேண்டும் என்ற குறிகள் அதற்குள் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

பறவைகளில் பார்வைக்கான பெரிய நிலையம் டெக்டம். நடுமூளையின் கூரையில், வலமும் இடமுமாக இரண்டு புடைப்புகள். இதன் கதை இரண்டாம் நாளிலேயே ஆரம்பமாகிறது. அப்போது மூளை ஒரு குழாய்தான். நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையில் அந்தக் குழாய் சற்று இடுங்கியிருக்கும். அந்த இடுப்பில் உள்ள கலங்கள் எஃப்.ஜி.எஃப்.8 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் செல்வாக்கில் நடுமூளையின் பின்பக்கத்தில் என்கிரெயில்ட் என்ற புரதம் அதிகமாகவும், முன்னோக்கிப் போகப் போகக் குறைவாகவும் அமைகிறது. என்கிரெயில்ட் வெளியே போய்ச் சேதி சொல்லும் புரதம் அல்ல. கலத்தின் கருவுக்குள் இருந்து பரம்பரையலகுகளை இயக்குவது. ஆனால் டெக்டத்துக்கு முன் எது, பின் எது என்று தீர்மானிப்பது அதுதான். எஃப்.ஜி.எஃப்.8 இன் வல்லமைக்குச் சான்று 1996இல் வந்தது: அந்தப் புரதத்தில் ஊறிய நுண்மணியைக் கோழி முளையத்தின் முன்மூளையின் பின்பகுதியில் வைத்தபோது, அங்கே இன்னொரு நடுமூளை உருவானது.

மூன்றாம் நாளளவில் விழித்திரையில் முதல் கங்லியன் கலங்கள் பிறக்கின்றன. மூளை வரை நீளும் ஆக்சன் என்ற நீள் இழையை வளர்ப்பவை இவையே. நான்காம் நாளளவில் இழைகள் பார்வை நரம்புச் சந்தியை அடைந்து எதிர்ப்பக்கம் கடக்கின்றன. மனிதரில் பாதிதான் கடக்கும். கோழியில் ஏறத்தாழ எல்லாமே கடக்கும். ஆறாம் நாள் டெக்டத்தின் முன்விளிம்பு. அங்கிருந்து ஊர்ந்து பின்முனையை எட்டப் பன்னிரண்டாம் நாள் போல ஆகிவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிக்கான தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்யக் கலம் எடுக்கும் படி) டெக்டத்தில் முதல் இழை வருவதற்கு இரண்டு நாள் முன்னரே, அதாவது நான்காம் நாளிலேயே, அளக்கப்பட்டிருக்கிறது. இழைகள் வந்த பின் அதன் அளவு வெகுவாக ஏறுகிறது. எஃப்ரின்-ஏ2, எஃப்ரின்-ஏ5 என்ற இரண்டு வழிகாட்டிப் புரதங்களும் இழைகளுக்காகக் காத்திருப்பதில்லை. கண்ணின் உதவியில்லாமலே பின்பக்கம் அதிகமாக அமைந்துவிடுகின்றன. வழிகாட்டும் வேலை முடிய, இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அவை இறங்குமுகம். ஒளி பட்டால் கண் மின் அலையால் பதில் சொல்வது 17, 18ஆம் நாளில்தான்.

வகுப்பில் காட்டும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். “தோன்றிய நாள்” என்பது பார்த்த கருவியையும் பொறுத்தது. பி.சி.ஆர். ஒரு சில தூது மூலக்கூறுகளையே பிடித்துவிடும். பிறபொருளெதிரிச் சாயம், அதாவது குறித்த புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியைக் கொண்டு அதை நிறமாகக் காட்டும் முறை, போதிய புரதம் சேர்ந்த பிறகுதான் காட்டும். இரண்டையும் ஒரே நிரலில் எழுதினால் அட்டவணை பொய் சொல்லும்.

கேள்வி: ஒரு நூலில் எட்டாம் நாள் என்கிறார்கள், இன்னொன்றில் ஏழாம் நாள். நாங்கள் கொழும்பில் செய்து பார்த்தால் இரண்டுக்கும் பொருந்தவில்லை. எங்கே பிழை?
— இளமாணிப் பட்ட மாணவர்கள், தெமட்டகொட

பதில்: பெரும்பாலும் பிழை நூலில் இல்லை, முட்டை இருந்த மேசையில்.

கோழி முளையம் சுமார் 20, 21 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால்தான் வளர்ச்சியை நிறுத்தித் தூங்கும். கொழும்பில் அறை வெப்பநிலை 28, 30. பண்ணையிலிருந்து வந்த முட்டை மேசையில் கிடந்த அத்தனை மணி நேரமும் அது அரைகுறையாக வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதுவும் ஒழுங்கற்று. அந்த முட்டையை அடைவைத்து எண்ணும் “ஆறாம் நாள்” உண்மையான ஆறாம் நாள் அல்ல. இதைவிட மோசம், இப்படிக் கிடந்தவற்றில் பல இரண்டாம் மூன்றாம் நாளில் உருக்குலைந்து நின்றுவிடும்.

ஆகவே சேகரித்த அன்றே 13 முதல் 16 பாகைக்குள் வைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் 4 பாகை அதிகக் குளிர், பல முளையங்கள் திரும்ப எழும்பா. வெளியே எடுக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. நம் காற்றின் ஈரத்தில் 15 பாகை முட்டை உடனே வியர்க்கும். ஓட்டின் நுண்துளை வழியே அந்த நீரோடு பற்றீரியாவும் உள்ளே போகும். நான்காம் நாள் திறந்தால் நாற்றம். முதலில் குளிரூட்டிய அறையில் ஐந்தாறு மணி நேரம் வைத்து 24 பாகைக்கு வரவிட்டு, ஓடு உலர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அடைவையுங்கள். வியர்த்த முட்டையைத் துணியால் துடைப்பது அழுக்கைத் துளைக்குள் தேய்ப்பதற்குச் சமம்.

அடைகாப்பானில் விசிறி இருந்தால் 37.5 முதல் 37.8 பாகை, ஈரப்பதன் 50 முதல் 60 சதவீதம். கருவியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாமல், முட்டை மட்டத்தில் தனி வெப்பமானி வையுங்கள். ஒரு பாகை குறைந்தாலே முளையம் பல மணி நேரம் பின்தங்கிவிடும். கரண்ட் போய் ஓரிரு மணி நேரம் ஆறினால் பெரும்பாலும் சாகாது, தாமதமாகும், அவ்வளவே. ஆனால் கரண்ட் வந்ததும் பழைய வகைத் தெர்மோஸ்டாட் அளவுமீறிச் சூடாக்குவதுண்டு. 40ஐத் தாண்டினால் அதுதான் கொல்லும்.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் நாளை மட்டும் எழுதாதீர்கள். 1951இல் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் கோழி முளையத்தை உருவ அமைப்பைக் கொண்டு 46 நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் உலகெங்கும் அதுவே அளவுகோல். ஆரம்பத்தில் முதுகுப் பக்கத்து சோமைற்றுத் துண்டங்களை எண்ண வேண்டும்: நிலை 10 என்றால் பத்துச் சோடி, நிலை 14 என்றால் இருபத்திரண்டு. பிறகு கால் இறக்கை மொட்டுகள், இறகு அரும்புகள், அலகு. கடைசி நாட்களில் அலகின் நீளமும் கால் நடுவிரலின் நீளமும். சீராக அடைகாத்தால் எட்டாம் நாள் நிலை 34ஆகவும், பத்தாம் நாள் 36ஆகவும், பன்னிரண்டாம் நாள் 38ஆகவும் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் வேறுபாட்டுக்குக் காரணம் டெக்டமேதான். அது ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. முன்-கீழ் மூலை முந்தி முதிரும். பின்-மேல் பகுதி ஒன்றரை, இரண்டு நாள் பிந்தியே வரும். ஒரே முளையத்தின் ஒரே வெட்டில் முன்பக்கம் எட்டாம் நாளையும் பின்பக்கம் ஆறரையையும் காட்டினால் வியப்பில்லை. “டெக்டத்தில் எட்டாம் நாள்” என்று எழுதுகிறவர் எந்த இடத்தில் என்றும் எழுத வேண்டும். எழுதாத கட்டுரைகள் ஏராளம்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் முட்டையை அடைவைத்துப் பார்க்கலாமா?
— தரம் 10 மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: வராது தம்பி. முட்டைப் பண்ணையில் சேவலே இல்லை; அந்த முட்டைகள் கருக்கட்டாதவை. சேவலோடு திரியும் ஊர்க்கோழியின் முட்டை, அல்லது இனப்பெருக்கப் பண்ணையின் முட்டை வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளில் இருட்டறையில் முட்டையின் பருத்த முனையில் டோர்ச் அடித்துப் பார். சிலந்தி வலை போல் இரத்தக் குழாய் தெரிந்தால் உயிருண்டு. அந்த வலையின் நடுவே கரிய பொட்டாகத் தெரிவது கண். வலை கலைந்து சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் செத்துவிட்டது, எடுத்துவிடு.

கேள்வி: எஃப்ரின் “விரட்டும்” புரதம் என்கிறார்கள். விரட்டியே எப்படி ஒரு முழு வரைபடத்தை அமைக்க முடியும்? இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
— வாசகர், தெஹிவளை

பதில்: முதலில் வரைபடம். விழித்திரையின் நாசிப் பக்கத்து இழைகள் டெக்டத்தின் பின்பக்கம் போகின்றன. பொட்டுப் பக்கத்தவை (நெற்றிப்பொட்டை ஒட்டிய வெளிப்பக்கம்) முன்பக்கத்திலேயே தங்குகின்றன. மேல் விழித்திரை கீழ் டெக்டத்துக்கும், கீழ் விழித்திரை மேல் டெக்டத்துக்கும் போகின்றன. கண்ணில் அடுத்தடுத்து இருந்தவை மூளையிலும் அடுத்தடுத்தே அமர்கின்றன. இதற்கு ஒவ்வோர் இழையும் ஒவ்வோர் இடமும் இரசாயன அடையாளம் வைத்திருக்க வேண்டும் என்று ரொஜர் ஸ்பெரி 1963இல் எழுதினார். தவளை, நியூட் ஆகியவற்றின் கண்ணைத் திருப்பிப் பொருத்தி, நரம்பு மீண்டும் வளர்ந்த பின்னும் அவை உலகைத் தலைகீழாகவே பார்ப்பதை அவர் முன்பே காட்டியிருந்தார். அடையாளம் எந்த மூலக்கூறு என்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

ஜேர்மனியின் டியூபிங்கனில் ஃப்ரீட்ரிக் பொன்ஹொஃபரின் ஆய்வுகூடம் 1987இல் வெளியிட்ட சோதனை இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. கோழி முளையங்களின் டெக்டத்தை முன், பின் என்று பிரித்து அரைத்து, கல மென்சவ்வுத் துணுக்குகளைத் தனித்தனியே எடுத்தார்கள். அவற்றை நுண்கால்வாய்கள் வழியே உறிஞ்சி, ஒரு வடிகட்டித் தாளில் முன்–பின்–முன்–பின் என்று கோடுகளாகப் படியவைத்தார்கள். ஒவ்வொரு கோடும் சுமார் 90 மைக்ரோமீற்றர் அகலம். ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே விழித்திரைக் கீற்று ஒன்றை வைத்து, இழைகள் எங்கே வளர்கின்றன என்று பார்த்தார்கள். பொட்டுப் பக்கத்து இழைகள் முன்-டெக்டக் கோடுகளில் மட்டும் ஓடின. பின்-டெக்டக் கோட்டின் விளிம்பைத் தொட்டதும் திரும்பிக்கொண்டன. நாசிப் பக்கத்தவற்றுக்கு எதுவும் பொருட்டில்லை. பின்பக்கத்து மென்சவ்வைச் சூடாக்கினால் விலகல் மறைந்தது. ஆக முன்பக்கம் இழுக்கவில்லை, பின்பக்கம் விரட்டுகிறது. மென்சவ்வில் கொழுப்பு நங்கூரத்தால் தொங்கும் புரதங்களை வெட்டிவிடும் நொதியம் ஒன்றும் அதே விளைவைத் தந்தது. தேட வேண்டிய புரதம் எந்த வகை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1995இல் விடை இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. டியூபிங்கன் குழு சுமார் 25 கிலோடால்டன் எடையுள்ள புரதத்தைப் பிடித்தது, இன்று எஃப்ரின்-ஏ5. ஹார்வர்டில் ஜோன் ஃபிளனகனின் குழு எஃப்ரின்-ஏ2ஐயும், அதற்கான ஈஃப்-ஏ3 வாங்கியையும் (எஃப்ரினைப் பற்றிச் சேதியை உள்ளே அனுப்பும் புரதம்) காட்டியது. வாங்கி விழித்திரையில் பொட்டுப் பக்கம் மிகுதி, நாசிப் பக்கம் குறைவு. வாங்கி அதிகமுள்ள இழைக்கு எஃப்ரின் அதிகமுள்ள இடம் சகிக்காது.

இனி “விரட்டியே எப்படி” என்பது. தனியே விரட்டினால் எல்லா இழைகளும் முன்பக்கத்தில் குவிந்திருக்க வேண்டும், உங்கள் சந்தேகம் நியாயமானதே. மூன்று விடயங்கள் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. நாசிப் பக்கத்து இழைகள் தாங்களே எஃப்ரின்-ஏ சுமக்கின்றன. அது தம் சொந்த வாங்கியையே மந்தப்படுத்துகிறது. முன்பக்கத்தில் இடத்துக்குப் போட்டி. மூன்றாவது, பலர் தவறவிடுவது: கோழியில் இழைகள் சரியான இடத்தில் வந்து நிற்பதே இல்லை. தாண்டி ஓடிவிடுகின்றன. பிறகு தண்டின் நடுவிலிருந்து, சரியான இடத்தில், பக்கக் கிளை விடுகின்றன. தாண்டிப்போன மிச்சம் பின்னர் அழிகிறது. எஃப்ரினின் பெரிய வேலை நுனியை நிறுத்துவதைவிட, எங்கே கிளைவிடக் கூடாது என்று தடுப்பதே என்பது எங்கள் கணிப்பு.

எஃப்ரின் மட்டுமே எல்லாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே டியூபிங்கன் மரபில் வந்த ஆர்.ஜி.எம். என்ற 33 கிலோடால்டன் புரதமும் பின்பக்கம் மிகுந்து விரட்டுகிறது. அதன் அடையாளம் 2002இல் வெளியானது. மேல்–கீழ் அச்சுக்கு எஃப்ரின்-பி குடும்பமும் டபிள்யு.என்.டி.3 உம் வேறு கணக்கு வைத்திருக்கின்றன.

கேள்வி: கண்ணின் கங்லியன் கலங்களை டெக்டத்தின் பி.டி.என்.எஃப். உயிரோடு வைத்திருக்கிறது என்றால், கண்ணை எடுத்துவிட்டால் டெக்டம் அதைச் செய்துகொண்டே இருக்குமா?
— மருத்துவ மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: செய்யும், ஆனால் குறைவாக. நான்காம் நாளில் ஒரு கண்ணின் தண்டைத் துண்டித்து, இழைகள் டெக்டத்தை எட்டாமல் தடுத்தபோது, எதிர்ப்பக்க டெக்டத்தில் பி.டி.என்.எஃப். தூது ஆர்.என்.ஏ. குறைந்தது. 1994இல் வந்த இந்த ஆய்வின் அழகு அடுத்த படியில். தண்டை வெட்டாமல், கண்ணுக்குள் டெட்ரோடொக்ஸின் ஊசி போட்டு மின்துடிப்பை மட்டும் நிறுத்தினார்கள். ஏறத்தாழ அதே குறைவு. இழை வந்து தொட்டால் போதாது, துடிப்போடு வர வேண்டும். ஒளியே தெரியாத நாட்களில் இது நடக்கிறது. விழித்திரை தானாகவே துடிக்கிறது. (டெட்ரோடொக்ஸின் பேத்தை மீனின் நஞ்சு. மில்லிகிராம் கணக்கில் மனிதரைக் கொல்லும். பயிற்சியற்றவர் தொடும் பொருளல்ல.)

கங்லியன் கலங்கள் பிறப்பது சுமார் 40 இலட்சம். பொரிக்கும் நேரத்தில் மிஞ்சுவது 24, 26 இலட்சம் போல. அந்த இழப்பு இரண்டாம் வாரக் கடைசியில், இழைகள் டெக்டத்தை நிரப்பிய பின் நடக்கிறது. இதை வைத்து “காரணி கிடைக்காதவை செத்தன” என்று நேர்க்கோடு போடுவது வசதியானது, ஆனால் முழு உண்மையல்ல. விழித்திரையே டெக்டத்தின் அளவுக்கு பி.டி.என்.எஃப். தூது ஆர்.என்.ஏ. வைத்திருக்கிறது. மேலும் மூளையிலிருந்து கண்ணுக்கு இழை அனுப்பும் இஸ்த்மோ-ஒப்டிக் கரு என்ற நரம்புக்கலக் கூட்டத்தில் 12 முதல் 17ஆம் நாளுக்குள் பாதிக்கும் மேற்பட்ட கலங்கள் இறக்கின்றன. அங்கே கண்ணில் செலுத்திய பி.டி.என்.எஃப். கலங்களைக் காத்தது, அதன் நெருங்கிய உறவான என்.ஜி.எஃப். சாவைக் கூட்டியது. ஒரே குடும்பம், எதிரெதிர் விளைவு: கலம் எந்த வாங்கியை வைத்திருக்கிறது என்பதே காரணம்.

இந்தப் புரதம் எவ்வளவு அரிது என்று தெரிந்தால் அளவிடும் சிரமமும் புரியும். 1982இல் முதன்முதலாகத் தூய்மையாக்கியபோது ஒன்றரைக் கிலோ பன்றி மூளையிலிருந்து கிடைத்தது ஒரு மைக்ரோகிராம்.

கேள்வி: புறா, காகம், மைனா எல்லாம் கண் திறவாமல் பொரிக்கின்றனவே. அவற்றுக்கும் இதே நாட்களா?
— வாசகி, வத்தளை

பதில்: வரிசை அதேதான், நாட்கள் அல்ல. கோழியும் காடையும் ஓடிக்கொண்டே பொரிப்பவை, முட்டைக்குள்ளேயே பார்வை மூளையை முடித்துவிடும். புறா 17, 18 நாளில் பொரித்தாலும் கோழி முட்டைக்குள் செய்ததில் ஒரு பகுதியைக் கூட்டில்தான் செய்கிறது. ஆகவே “பொரிக்க இத்தனை நாள் முன்” என்று ஒப்பிடுவது தவறு, நிலையைத்தான் ஒப்பிட வேண்டும். காடைக்கு 17 நாள் அளவில் எல்லாம் முடிகிறது. கோழி அட்டவணையை அப்படியே வைத்தால் இரண்டாம் வாரத்தில் தடம்புரளும்.

கேள்வி: ஆறாம், எட்டாம், பத்தாம் நாள் டெக்டத்தில் எஃப்ரினுக்குப் பிறபொருளெதிரிச் சாயமிட்டோம். வெட்டு முழுவதும் ஒரே ஒளி, முன்–பின் வேறுபாடே இல்லை. முதற்படி பிறபொருளெதிரி கோழியில் தயாரானது. என்ன செய்யலாம்?
— ஆய்வு உதவியாளர், கொழும்பு

பதில்: கடைசி வரியிலேயே குற்றவாளி இருக்கிறது. கோழியில் தயாரான பிறபொருளெதிரி ஐ.ஜி.வை. வகை. தாய்க்கோழி தன் ஐ.ஜி.வை.யை மஞ்சட்கருவில் நிரப்புகிறது. முளையம் அதை உறிஞ்சுகிறது. முதற்படியில் ஒட்டி ஒளியைத் தரும் உங்கள் இரண்டாம்படி பிறபொருளெதிரி கோழி ஐ.ஜி.வை. எதைக் கண்டாலும் ஒட்டும், அதில் எஃப்ரின் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கோழி இழையத்துக்கு முயலில் அல்லது ஆட்டில் தயாரானதை வாங்குங்கள். அது கோழிப் புரதத்தைப் பிடிக்கும் என்று வெஸ்டர்ன் புளொட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பிறபொருளெதிரியால் காட்டும் சோதனை) முதலில் நிரூபியுங்கள். மனித, சுண்டெலிப் புரதத்துக்குச் செய்த பல கோழியில் ஊமை.

அடுத்தது வெட்டும் திசை. முன்–பின் சரிவைக் காண நெடுக்குவெட்டே வேண்டும். குறுக்காக வெட்டினால் ஒரு வெட்டில் முழுதும் முன், இன்னொன்றில் முழுதும் பின். தனித்தனிக் கண்ணாடியில் சாயமிட்டு ஒளியளவை ஒப்பிட முயன்றால் எதுவும் தேறாது.

நிலைப்படுத்தல்: ஆறாம் நாள் தலையை 4 சதவீதப் பராஃபோமல்டிஹைட்டில், 4 பாகையில் 2 முதல் 4 மணி நேரம். பன்னிரண்டுக்குப் பிந்தியவற்றில் மூளையை வெளியே எடுத்து இரவு முழுதும். எடுக்கும்போது ஒட்டியிருக்கும் மஞ்சட்கருவைக் குளிர்ந்த உப்புத் தாங்கற் கரைசலில் நன்றாகக் கழுவி அகற்றுங்கள். பிறகு 30 சதவீதச் சுக்குரோசில் அடியில் அமிழும் வரை; மிதக்கும்போதே உறையவைத்தால் பனிப்படிகம் இழையத்தைச் சல்லடையாக்கும். 12 முதல் 16 மைக்ரோமீற்றர் தடிப்பில் வெட்டி, 5 முதல் 10 சதவீத ஆட்டுச் சீரத்தில் ஒரு மணி நேரம் வைத்து வேண்டாத ஒட்டிடங்களை மறைத்து, முதற்படியை 4 பாகையில் இரவு முழுதும் விடுங்கள். (இரண்டாம்படி ஆட்டில் தயாரானதென்றால் மட்டும் ஆட்டுச் சீரம்.) பறவைச் செங்குழியத்துக்குக் கருவும் உண்டு, சுய ஒளிர்வும் உண்டு. குழாய்க்குள் வரிசையாக மின்னும் முட்டை வடிவங்களை நரம்புக்கலம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் எஃப்ரின்-ஏ விடயத்தில் சாயத்தையே விட்டுவிடுவது மேல். கொழுப்பு நங்கூரத்தில் தொங்குவதால் பராஃபோமல்டிஹைட் அதைச் சரியாகக் கட்டிப்போடாது; டிரைட்டன் போன்ற சவர்க்காரம் அதைக் கழுவியும் விடும். ஹார்வர்ட் குழு வேறு வழி போனது. ஈஃப்-ஏ3 வாங்கியின் வெளிப்பகுதியை அல்கலைன் பொஸ்பற்றேஸ் நொதியத்தோடு இணைத்து, அந்தக் கலப்புப் புரதத்தை இழையத்தின் மேல் ஊற்றினார்கள். எஃப்ரின் இருக்கும் இடத்தில் அது ஒட்டும். கழுவி, நிலைப்படுத்தி, நிறம் தோன்றும் பதார்த்தம் சேர்த்தால் ஊதாச் சரிவு கண்ணுக்கே தெரியும். நிறம் சேர்க்குமுன் 65 பாகையில் சூடாக்க மறக்கக் கூடாது. இழையத்தின் சொந்தப் பொஸ்பற்றேஸ் அந்தச் சூட்டில் செயலிழக்கும், இணைத்த மனித நொதியம் தாங்கும். அந்தப் படியைத் தவறவிட்டாலும் வெட்டு முழுதும் ஊதாதான்.

வெஸ்டர்ன் புளொட்டுக்கு டெக்டத்தை மூன்றாக வெட்டி நடுத்துண்டைத் தனியே வையுங்கள். முன், பின் இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். இன்னொரு பொறி: டெக்டத்தில் தெரியும் புரதம் எல்லாம் டெக்டத்தில் ஆனதல்ல. விழித்திரைக் கலத்தின் வாங்கிகள் இழை வழியே அங்கே வந்து குவிகின்றன. மூன்றாம் நாளுக்குள் ஒரு கண்ணின் அரும்பை நீக்கினால், கோழியில் எல்லா இழையும் கடப்பதால், ஒரே முளையத்தில் ஒரு டெக்டம் இழையோடும் மற்றது இழையின்றியும் கிடைக்கும். பாலூட்டியில் இந்த வசதி இவ்வளவு துப்புரவாகக் கிடைக்காது.

கேள்வி: வீட்டில் சிறிய இன்கியூபேட்டரில் குஞ்சு பொரிக்கிறோம். உள்ளே வெளிச்சம் வைத்தால் பார்வைக்கு நல்லதா?
— வாசகர், மட்டக்குளி

பதில்: பொரிக்க வெளிச்சம் தேவையில்லை. ஆனால் வெளிச்சம் மூளையை மாற்றுகிறது என்பது உண்மை. கடைசி நாட்களில் குஞ்சு தலையை ஒருபக்கம் திருப்பி மடங்கிக் கிடக்கும். இடது கண் உடலோடு ஒட்டி மறைய, வலது கண் ஓட்டைப் பார்த்திருக்கும். ஓட்டின் வழியே கசியும் ஒளி வலது கண்ணுக்கு மட்டுமே. அவுஸ்திரேலியாவில் லெஸ்லி ரொஜர்ஸ் 1980களில் காட்டியபடி, அந்த நாட்களில் சில மணி நேர ஒளி பட்டாலே இரு கண்களுக்கும் வேலைப் பங்கீடு ஏற்படுகிறது: தானியத்தைக் கூழாங்கல்லிலிருந்து பிரிப்பதில் வலது கண் முந்தும். முழு இருட்டில் பொரித்தவற்றில் அந்தப் பங்கீடு இல்லை. அடைக்கோழியும் இரை தேட எழுந்து போவதால் இயற்கையில் ஒளி படத்தான் செய்கிறது.

விரும்பினால் 18ஆம் நாளிலிருந்து பகலில் சிறிய எல்.ஈ.டி. ஒன்று போதும். பழைய இழை மின்குமிழ் வேண்டாம். வெளிச்சத்தோடு சூட்டையும் கொட்டி, அருகிலுள்ள முட்டையை அவித்துவிடும். ஒளிக்காக மூடியைத் திறந்து திறந்து மூடுவது அதைவிடக் கேடு. ஈரப்பதன் இறங்கி உள்சவ்வு காய்ந்தால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு புரதம் குறித்த நாளில் அங்கே இருந்தது என்பதால் அதுதான் வேலை செய்தது என்று ஆகாதே. எப்படி உறுதிசெய்கிறார்கள்?
— முதுமாணி மாணவர், வெள்ளவத்தை

பதில்: இல்லாத இடத்தில் அதை உண்டாக்கிப் பார்க்கிறார்கள். 1996இல் ஹார்வர்ட் குழு வைரசு மூலம் டெக்டத்தில் அங்கங்கே திட்டுத்திட்டாக எஃப்ரின்-ஏ2ஐ உண்டாக்கியது. பொட்டுப் பக்கத்து இழைகள் அந்தத் திட்டுகளைத் தவிர்த்தன. நாசிப் பக்கத்தவை தவிர்க்கவில்லை. “இருந்தது” என்பது “செய்தது” ஆனது அங்கேதான்.

இன்று அதிகம் கையாளப்படுவது முட்டைக்குள் மின்துளையிடல், அதாவது மின்துடிப்பால் டி.என்.ஏ.யைக் கலங்களுக்குள் செலுத்துவது. முட்டையைக் கிடையாக அடைகாத்து, நிலை 10இல், அதாவது ஒன்றரை நாளில் எடுங்கள். பருத்த முனையில் ஊசியால் 3 முதல் 5 மில்லிலீற்றர் வெள்ளைக்கருவை உறிஞ்சினால் முளையம் கூரையிலிருந்து இறங்கும். இதைச் செய்யாமல் ஓட்டை வெட்டினால் கத்தரிக்கோல் முளையத்தையே கிழிக்கும். டேப் ஒட்டிவிட்டுச் சாளரம் வெட்டுங்கள். நடுமூளைக் குழிக்குள் மைக்ரோலீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் பிளாஸ்மிட் (வேண்டிய பரம்பரையலகைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்), தெரிவதற்குச் சிறிது பாஸ்ட் கிரீன் சாயம். 4 மில்லிமீற்றர் இடைவெளியில் இரு மின்வாய்கள். 25 வோல்ற், 50 மில்லிசெக்கன் துடிப்பு, செக்கனுக்கு ஒன்றாக ஐந்து. டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் உள்ளது, நேர்மின்வாய்ப் பக்கம் போகும். மறுபக்கம் தொடாமல் இருப்பதால் ஒப்பீட்டுக்கு அதுவே போதும்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மின்வாய் இதயத்தின் மேல் அல்லது பெரிய இரத்தக் குழாயின் மேல் பட்டால் முளையம் அங்கேயே நின்றுவிடும். உப்புக் கரைசல் போதாமல் காய்ந்த பரப்பில் துடிப்புக் கொடுத்தால் இழையம் கருகும். ஈரமான ஓட்டில் டேப் ஒட்டாது. ஓரத்தை உலர்த்தி இறுக மூடாவிட்டால் அடுத்த நாள் முளையம் வறண்டிருக்கும். சாதாரணப் பிளாஸ்மிட் கலம் பிரியப் பிரியப் பங்காகித் தேய்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இழைகள் வரும் ஆறாம் நாளுக்குப் பிறகும் புரதம் வேண்டுமென்றால், நிறமூர்த்தத்துக்குள் செருகும் டொல்2 வகையைச் சேர்க்க வேண்டும்.

எந்த நாள்வரை வளர்ப்பது என்பதை முன்கூட்டியே நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். பிரித்தானியச் சட்டம் அடைகாப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் பறவை முளையத்தைப் பாதுகாக்கப்பட்ட விலங்காகவே கொள்கிறது. கோழிக்கு அது 14ஆம் நாளிலிருந்து. எஃப்ரின் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு முன்பே விடை கிடைத்துவிடும்.